மில் பரணில் கிடந்த எக்ஸ்டி-க்கு ஒரு பின்னணி டெர்மினல்

நீடாமங்கலம் பக்கத்தில் மாமாவுக்கு ஒரு நெல் அரைவை மில் இருக்கிறது. வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம்தான். ஆயுத பூஜைக்காக மில்லைக் கழுவித் துடைத்தபோது, பரணில் பழைய சாக்குக் கட்டுகளுக்கு அடியில் எக்ஸ்டி வகைப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று கிடந்தது. தாத்தா காலத்தில், 1989-இல், கணக்கு எழுத வாங்கியது. அப்போது அதில் உட்கார்ந்து தட்டியவர் மாமாதான்.

"காயலான் கடைக்குப் போட்டுடலாமா மாப்ள? இரும்பு வெயிட்டுக்கே ஏதாவது தேறும்."

"வேணாம் மாமா, எனக்குக் குடுத்துடுங்க."

அதை உயிர்ப்பித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொல்ல வந்தது அது இல்லை. பவர் சப்ளைக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. உமியும் சாக்கு நாருமாக ஒரு படி அளவுக்கு வெளியே வந்தது. முதல் தடவை மின்சாரம் கொடுத்ததும் மதர்போர்டில் ஒரு டான்டலம் கபாசிட்டர் பட்டென்று வெடித்தது. அதை மாற்றினேன். 20 எம்பி ஹார்ட் டிஸ்க் சுழலவே இல்லை. அதற்குப் பதில் ஒரு எக்ஸ்டி-ஐடிஇ அட்டையும் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டும் போட்டேன். 360 கேபி ஃபிளாப்பிகளில் பாதிக்கு மேல் பூஞ்சை. ஆனால் அந்தக் காலத்தில் யாரோ மில்லுக்காக டிபேஸ் த்ரீ பிளஸ் என்ற தரவுத்தள நிரலில் எழுதிக் கொடுத்த கொள்முதல் கணக்கு முழுசாகப் படிக்க வந்தது. அதுவே பெரிய விஷயம்.

இயந்திரம் இதுதான்: 8088 செயலி, 4.77 மெகாஹெர்ட்ஸ் (டர்போ பொத்தானை அமுக்கினால் 8), 640 கேபி நினைவகம், ஹெர்குலிஸ் வகை மோனோ அட்டை, பச்சை மானிட்டர், 8250 சிப் வைத்த ஒரு சீரியல் போர்ட் (எழுத்துகளைக் கம்பியில் வரிசையாக அனுப்பி வாங்கும் வழி). கடிகாரம் கிடையாது. ஒவ்வொரு தடவை போடும்போதும் அதன் இயங்குதளமான டாஸ் தேதி கேட்கும். சும்மா என்டர் தட்டினால் 1980 ஜனவரி 1 என்று வைத்துக்கொள்ளும்.

முதலில் நினைத்தது சின்ன ஆசைதான். டிபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு விசையைத் தட்டினால் திரையில் டெர்மினல் வர வேண்டும். சீரியல் கேபிள் வழியாக என் லினக்ஸ் லேப்டாப்பில் லாகின் செய்து வேலை பார்க்க வேண்டும். மறுபடி தட்டினால் டிபேஸ் விட்ட இடத்திலேயே இருக்க வேண்டும். டெர்மினல் மறைந்திருக்கும்போதும் லேப்டாப் அனுப்புவதை அது வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். இன்றைக்கு இது ஒரு கோரிக்கையா என்று தோன்றும். ஆனால் டாஸ் ஒரு நேரத்தில் ஒரே ஒரு நிரலைத்தான் ஓட்டும். பின்னணி என்ற எண்ணமே அதற்குக் கிடையாது.

அதையும் மீறி அந்தக் காலத்தில் செய்தார்கள். 1983-இல் வந்த டாஸ் 2.0-இன் பிரின்ட் கட்டளை, நாம் வேறு வேலை செய்யும்போது பின்னால் அச்சடித்துக்கொண்டிருந்தது. 1984-இல் போர்லாண்ட் வெளியிட்ட சைட்கிக், எந்த நிரலுக்கு நடுவிலும் கால்குலேட்டரையும் குறிப்பேட்டையும் எட்டிப் பார்க்க வைத்தது. இப்படி முடிந்துபோன மாதிரி நடித்துவிட்டு நினைவகத்திலேயே தங்கிவிடும் நிரல்களுக்கு டிஎஸ்ஆர் என்று பெயர். சீரியல் கேபிளிலும் டிஎஸ்ஆர் என்று ஒரு கம்பி உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் முதல் எழுத்து வேறு, தமிழில் எழுதினால் ஒன்றாகிவிடுகிறது. என் நோட்டில் இதனால் ஒரு மாலை முழுக்கக் குழம்பியிருக்கிறேன். இனி நிரலை 'தங்கி' என்றே சொல்கிறேன்.

தங்கி எப்படித் தங்குகிறது? இன்டரப்ட் என்பது செயலியை நடுவில் நிறுத்தி வேறு வேலைக்குக் கூப்பிடும் அழைப்பு. கீழே வரும் இன்டரப்ட், சேவை, போர்ட், கட்டளை எண்கள் ஹெக்ஸில் (பதினாறின் அடிமானத்தில்). நிரல் தொடங்கியதும், தனக்கு வேண்டிய இன்டரப்ட்களின் முகவரிகளை டாஸிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, அந்த இடங்களில் தன் முகவரியை எழுதுகிறது. பிறகு இன்டரப்ட் 21-இன் 31-ஆம் சேவையைக் கூப்பிட்டு, "என்னுடைய இத்தனை பாராவை வைத்துக்கொள், மற்றதை எடுத்துக்கொள்" என்கிறது. ஒரு பாரா என்பது 16 பைட். தொடக்க வேலைக்கான குறிமுறையைக் கோப்பின் கடைசியில் வைத்தால், அது வேலை முடிந்ததும் தானாகவே வெட்டுப்பட்டுப் போய்விடும். சூழல் மாறிகளுக்காக டாஸ் கொடுத்த தனித் துண்டையும் 49-ஆம் சேவையால் திருப்பிக் கொடுத்துவிடலாம். கொடுக்காவிட்டால் சில நூறு பைட் வீணாகத் தங்கும்.

எழுதியது லேப்டாப்பில், நாஸ்ம் அசெம்பிளரில். டாஸைப் போலவே நடிக்கும் டாஸ்பாக்ஸில் ஓட்டிப் பார்த்துவிட்டு கார்டில் எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போவேன். முதல் நாள் டாஸ்பாக்ஸில் அழகாக ஓடியது எக்ஸ்டியில் போட்ட நொடியே செத்துப்போனது. காரணம் பழக்கதோஷம். செயலிக்குள் இருக்கும் எல்லா ரிஜிஸ்டர்களையும் ஒரே அடியில் ஸ்டாக்கில் (தற்காலிகமாக அடுக்கி வைக்கும் நினைவகத்தில்) தள்ளும் புஷ்ஏ கட்டளையை எழுதியிருந்தேன். அது 80186-இல் வந்தது, 8088-க்கு அது தெரியாது. தெரியாது என்று சொல்லி நின்றாலாவது பரவாயில்லை. அந்தக் கட்டளையின் எண் 60. 8088-இல் 60 முதல் 6எஃப் வரை எல்லாம் 70 முதல் 7எஃப் வரையின் நகல்களாக வேலை செய்கின்றன. ஆகவே என் புஷ்ஏ, "ஓவர்ஃப்ளோ இருந்தால் தாவு" என்ற கட்டளையாகி, அடுத்த பைட்டைத் தாவும் தூரமாக எடுத்துக்கொண்டது. நாஸ்மில் கோப்பின் தலையில் சிபியு 8086 என்று ஒரு வரி போட்டுவிட்டால் இந்த மாதிரி எழுதும்போதே திட்டும். அந்த வரியைப் போட்ட பிறகு பதினோரு இடத்தில் திட்டியது.

அடுத்தது சீரியல். முதல் போர்ட் 3எஃப்8-இல் இருக்கிறது, அதன் இன்டரப்ட் வரும் கோடு (லைன்) 4. வேகம் வைக்க 115200-ஐ வேண்டிய வேகத்தால் வகுத்து எழுத வேண்டும், 9600-க்கு 12. இன்டரப்ட் அனுமதி கொடுத்தேன், 8259 இன்டரப்ட் கண்ட்ரோலரில் நான்காம் கோட்டின் தடையை நீக்கினேன், காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. கேபிளை மூன்று தடவை பற்றவைத்தேன். மல்டிமீட்டரை வைத்தால் கேபிளில் ஒரு குறையும் இல்லை. கடைசியில் கிடைத்தது: பிசியின் சீரியல் அட்டைகளில் 8250-இன் இன்டரப்ட் கால் நேராகக் கண்ட்ரோலருக்குப் போவதில்லை. நடுவில் ஒரு கேட் இருக்கிறது. அதைத் திறப்பது, மோடம் கண்ட்ரோல் ரிஜிஸ்டரில் அவுட்2 என்ற பிட். பெயரைப் பார்த்தால் இதற்கும் இன்டரப்டுக்கும் சம்பந்தம் இருக்கிற மாதிரியே தெரியாது. அதே ரிஜிஸ்டரின் டிடிஆர், ஆர்டிஎஸ், அவுட்2 மூன்று பிட்டுகளையும் சேர்த்து 0பி என்று எழுதியதும் எழுத்துகள் கொட்ட ஆரம்பித்தன.

இதற்கு மேல்தான் எனக்குப் பிடித்த பகுதி.

மோனோ திரை என்பது பி000 பிரிவில் இருக்கும் 4000 பைட். 80 எழுத்து, 25 வரி, எழுத்துக்கு ஒரு பைட், அதன் தோற்றத்துக்கு ஒரு பைட். டெர்மினல் மறைந்திருக்கும்போதும் எழுத்துகள் வருவதால் அதற்கென்று ஒரு மறைவுத் திரை வேண்டும், 4000 பைட். டெர்மினல் மேலே வந்ததும் டிபேஸின் திரையைக் காப்பாற்றி வைக்க இன்னொரு 4000. ஆக 8000 பைட். தங்கியின் குறிமுறையே 2000-ஐத் தாண்டாதபோது இது உறுத்தியது. ஒருநாள் மாமா வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் உறைத்தது: இரண்டும் ஒரே நேரத்தில் தேவைப்படுவதே இல்லை! டெர்மினல் மறைந்திருந்தால் காப்பாற்ற டிபேஸ் திரை இல்லை. டெர்மினல் மேலே இருந்தால் மறைவுத் திரை தேவையில்லை. ஆகவே நகல் எடுக்காமல் இடம் மாற்றிக்கொண்டால் போதும். விசையைத் தட்டியதும் 2000 சொற்களையும் (சொல் என்பது இரண்டு பைட்) ஒவ்வொன்றாகத் திரைக்கும் அந்த ஒரே பஃபருக்கும் (தற்காலிக இடத்துக்கும்) இடையே மாற்றிப் போட்டேன். டெர்மினல் எங்கே எழுத வேண்டும் என்பதைச் சொல்லும் ஒரே ஒரு முகவரியையும் மாற்றினேன். மறுபடி தட்டினால் அதே வேலை மறுபடி நடக்கும். உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரே துணை நிரல். 4000 பைட் மிச்சம்.

டெர்மினலுக்கு 1978-இல் டெக் வெளியிட்ட விடி100 டெர்மினலின் ஒரு சின்னப் பகுதியை மட்டும் செய்தேன். கர்சரை நகர்த்துவது, வரியையோ திரையையோ அழிப்பது, தடித்த எழுத்து, தலைகீழ் நிறம், அடிக்கோடு. லினக்ஸ் பக்கம் இதற்கு மேல் பெரிதாகக் கேட்கவில்லை. தமிழ்க் கோப்பு ஒன்றைத் திறந்து பார்த்தேன். யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட், முதல் பைட் எப்போதும் இ0. இந்த அட்டையின் எழுத்துருவில் அது கிரேக்க ஆல்பா. அடுத்த பைட் ஏஇ அல்லது ஏஎஃப், அவை பிரெஞ்சு மேற்கோள் குறிகள். ஆக, எந்தத் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தாலும் ஆல்பாவும் மேற்கோளுமாக நாற்று நட்ட மாதிரி வரிசையாக நிற்கிறது. படிக்க முடியாது, ஆனால் தமிழ் என்று கண்டுபிடித்துவிடலாம்.

இப்போது வந்தது உண்மையான தலைவலி. எழுத்துகள் தொலைந்தன. நிறைய இல்லை, அங்கங்கே ஒன்றிரண்டு. 8250-இல் வந்த எழுத்தை வைத்துக்கொள்ள ஒரே ஒரு பைட்தான் இடம். 9600 வேகத்தில் அடுத்த எழுத்து ஒரு மில்லிசெகண்டு சொச்சத்தில் முழுசாக வந்து முந்தையதை அழித்துவிடும். அந்த நேரத்தில் செயலிக்குக் கிடைப்பது 5000-க்கும் சற்றுக் குறைவான கடிகாரத் துடிப்புகள். என் இன்டரப்ட் நிரல் எழுத்தை எடுத்து 512 பைட் வளையப் பஃபரில் போட்டுவிட்டுத் திரும்பிவிடும், அவ்வளவுதான். அதற்குச் சில நூறு துடிப்பு போதும். வளையத்திலிருந்து எடுத்துத் திரையில் எழுதும் வேலையை, நொடிக்கு 18.2 தடவை வரும் டைமர் இன்டரப்ட் 1சி-யில் மாட்டியிருந்தேன். புத்தகங்களெல்லாம் அதில்தான் மாட்டச் சொல்லும். இன்டரப்ட்களைத் திறந்துவிடும் எஸ்டிஐ கட்டளையையும் முதல் வேலையாகக் கொடுத்திருந்தேன். பிறகு எப்படித் தொலையும்?

லேப்டாப்பிலிருந்து எண்களை வரிசையாக அனுப்பி, எந்த எண்கள் விடுபடுகின்றன என்று நோட்டில் குறித்தேன். இடைவெளி ஏறக்குறைய 53, 52, 53 என்று வந்தது. நொடிக்கு 960 எழுத்தை 18.2-ஆல் வகுத்தால் 52.7. அப்படியானால் திருடன் டைமர்தான்.

இதை மாமாவுக்கு விளக்கப் போய்த்தான் எனக்கே தெளிவாயிற்று. 8259 கண்ட்ரோலர் முறைத் தண்ணீர் மாதிரி. டைமர் கோடு 0, அது தலைமடை. சீரியல் கோடு 4, அது நமக்குக் கடைமடை. தலைமடைக்காரன் வாய் திறந்து "போதும்" என்று சொல்கிறவரை கடைமடைக்குத் தண்ணீர் வராது. அந்தப் போதும் என்ற சொல், 20-ஆம் போர்ட்டில் 20 என்று எழுதுவது. எஸ்டிஐ கொடுப்பது செயலியின் கதவைத்தான் திறக்கும், கண்ட்ரோலரின் மதகை அல்ல. பயாஸ் (கம்ப்யூட்டரின் சிப்பிலேயே இருக்கும் அடிப்படை நிரல்) என்ன செய்கிறது என்றால், டைமர் இன்டரப்ட் 8 வந்ததும் கடிகாரத்தைக் கூட்டி, 1சி-யைக் கூப்பிட்டு, அது திரும்பி வந்த பிறகே போதும் சொல்கிறது. ஆக நான் 1சி-க்குள் இருக்கிற நேரமெல்லாம் தலைமடை பாய்ந்துகொண்டே இருக்கிறது. சீரியல் கத்தினாலும் யாருக்கும் கேட்காது.

"அப்ப தலைமடைக்காரனை முதல்ல முடிச்சு அனுப்பிட்டு உன் வேலையைப் பாரேன்," என்றார் மாமா, வெற்றிலையை மடித்துக்கொண்டே.

அதையேதான் செய்தேன். 1சி-யை விட்டுவிட்டு இன்டரப்ட் 8-ஐயே பிடித்தேன். முதலில் பழைய 8-ஐக் கூப்பிட்டு முழுசாக முடிக்க விடுவது. அது போதும் சொல்லிவிட்டுத் திரும்பும். அதற்குப் பிறகுதான் என் வேலை. என் வேலை நீண்டு அடுத்த டைமர் துடிப்பு நடுவில் வந்தால், 'வேலை நடக்கிறது' என்ற கொடியைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடும். விடுபட்ட எழுத்துகளை எண்ணிக் காட்ட வைத்திருந்த எண் அன்றைக்குச் சுழியத்தில் நின்றது.

நின்றது, ஆனால் டிபேஸ் நொண்டியது. லேப்டாப் நிறைய வரிகளை அனுப்பும்போது முன்னால் தட்டுவது தேங்கித் தேங்கி வந்தது. கணக்குப் போட்டேன். திரையை ஒரு வரி மேலே தள்ள 24 வரிகளை, 1920 சொற்களை நகர்த்த வேண்டும். 8088-இல் ஒரு சொல்லுக்கு 25 துடிப்பு. ஆக ஒரு வரிக்கு 48,000 துடிப்பு, 10 மில்லிசெகண்டு. ஒரு டைமர் இடைவெளியே 55 மில்லிசெகண்டுதான். அதற்குள் ஐந்து குட்டி வரிகள் வந்தால் டிபேஸுக்குக் கிடைப்பது மிச்சம்மீதி. யாரும் பார்க்காத திரையை இவ்வளவு சிரமப்பட்டு ஏன் தள்ள வேண்டும்? மறைந்திருக்கும்போது தள்ளுவதை நிறுத்தினேன். 'முதல் வரி எது' என்ற எண்ணை மட்டும் ஒன்று கூட்டிவிட்டு, பழைய முதல் வரியை அழித்து அதைக் கடைசி வரியாக்கிக்கொண்டேன். மேலே வரும்போது மட்டும் நேராக்கினால் போதும். மோசமான நிலையில் 24 தடவை தள்ள வேண்டும், கால் நொடி. விசையைத் தட்டிய மனிதனுக்கு அது தெரியாது.

நேராக்கும்போது ஒரு வரியைத் தற்காலிகமாக வைக்க 160 பைட் இடம் வேண்டும். டாஸ் ஒவ்வொரு நிரலின் தலையிலும் 256 பைட் குறிப்புப் பகுதி ஒன்றை வைக்கிறது. அதில் 5சி முதல் கடைசி வரை உள்ளது, கட்டளை வரியில் தட்டியதையும் பழைய பாணிக் கோப்புப் பெயர்களையும் வைக்க. நிரல் தங்கிய பிறகு அதை யாரும் தொடுவதில்லை. எண்ணிப் பார்த்தால் 164 பைட். நான்கு பைட் மிச்சத்தோடு என் வரி அதில் உட்கார்ந்தது. இதற்காக நான் அடைந்த சந்தோஷத்தை வீட்டில் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

விசைப் பலகை எளிதாகவே முடிந்தது. இன்டரப்ட் 9-ஐப் பிடித்து, 60-ஆம் போர்ட்டைப் படித்து, ஆல்ட்டோடு டி அமுக்கப்பட்டிருந்தால் ஒரு கொடியை ஏற்றுவது, இல்லையென்றால் பழைய நிரலுக்கு விட்டுவிடுவது. எக்ஸ்டியில் விசையை நாமே விழுங்கினால் 61-ஆம் போர்ட்டின் மேல் பிட்டை ஏற்றி இறக்கி விசைப்பலகைக்கு ரசீது கொடுக்க வேண்டும், மறந்தால் அடுத்த விசை வராது. கொடியைப் பார்த்துத் திரையை மாற்றுவது டைமர் பக்கம். அந்த நேரத்தில் வட்டு வேலை நடந்துகொண்டிருந்தால் பொறுத்திருக்க இன்டரப்ட் 13-இலும் ஒரு காவல் வைத்தேன். டாஸை மட்டும் எங்கேயும் கூப்பிடவே இல்லை. ஒரு வேலைக்கு நடுவில் இன்னொரு வேலை கொடுத்தால் டாஸ் தன் ஸ்டாக்கைத் தானே மிதித்துக்கொள்ளும். அதைத் தவிர்க்க, டாஸ் வேலைக்கு நடுவில் இருக்கிறதா என்று காட்டும் கொடி, சும்மா இருக்கும்போது வரும் இன்டரப்ட் 28 என்று வழிகள் உண்டு. கூப்பிடாமலே இருந்துவிட்டால் அந்தப் பஞ்சாயத்தே இல்லை.

ஸ்டாக் என்றதும் ஞாபகம் வருகிறது. இரண்டு வாரம் ஒழுங்காக ஓடிய பிறகு, டெர்மினலிலிருந்து டிபேஸுக்குத் திரும்பும்போது கடைசி வரியில், டிபேஸ் குறிப்பு காட்டும் இடத்தில், சிரித்த முகமும் இதயமும் வர ஆரம்பித்தன.

"என்ன மாப்ள, கணக்குல ஹார்ட்டு விடுது?"

தங்கிக்கு 128 பைட்டில் தனி ஸ்டாக் வைத்திருந்தேன். அது நினைவகத்தில் திரைப் பஃபருக்கு அடுத்தபடியாக இருந்தது. ஸ்டாக் கீழ்நோக்கி வளரும். டெர்மினல் மேலே இருக்கும்போது அதன் மேல் டைமர், சீரியல், விசைப்பலகை மூன்றும் ஒரே சமயத்தில் ஏறினால் 128 நிரம்பி, பஃபரின் கடைசி வரியில் வழிகிறது. அந்த நேரத்தில் பஃபரில் இருப்பது டிபேஸின் திரை. பைட் 1 சிரித்த முகம், பைட் 3 இதயம். வழிந்த ஸ்டாக்கைக் கண்ணாலேயே பார்த்த அனுபவம் அதற்கு முன்னால் எனக்கு இல்லை. வேறு எங்காவது வழிந்திருந்தால் மாதக்கணக்கில் தேடியிருப்பேன். 256 ஆக்கினேன், இதயங்கள் நின்றன.

இதுவரைக்கும் மாமாவுக்கு இது பொழுதுபோக்குதான். ஒருநாள் மில்லின் பிளாட்பாரத் தராசைக் காட்டி, "இது பின்னாலயும் இதே மாதிரி ஒரு ஓட்டை இருக்கு, அதுல என்ன வரும்?" என்றார். ஒன்பது கால் சீரியல் கனெக்டர்! 2, 3, 5 மூன்று காலில் மட்டும் கம்பி. 2400 வேகத்தில் வைத்ததும் பச்சைத் திரையில் எடை ஓடியது. தராசு ஒவ்வொரு வரியின் முடிவிலும் கேரேஜ் ரிட்டர்னை மட்டுமே அனுப்புகிறது, அடுத்த வரிக்குப் போகச் சொல்வதில்லை. அதனால் எடை ஒரே இடத்தில் நின்று மாறிக்கொண்டே இருந்தது, தராசின் முகப்பையே பெயர்த்துத் திரையில் ஒட்டின மாதிரி.

அதற்குப் பிறகு வந்த யோசனை: அந்த எடை டிபேஸின் கட்டத்துக்குள் தானாகவே போய் விழ வேண்டும். கோப்பில் எழுதலாம் என்றால் டாஸைக் கூப்பிட வேண்டும். ஆனால் டிபேஸுக்குத்தான் கோப்பில் எழுதத் தெரியுமே, அதற்கு வேண்டியது யாராவது தட்டுவது மட்டும்தான். பயாஸின் விசைப் பஃபர் 40 என்ற பிரிவில் 1இ-யில் தொடங்கும் 16 சொற்கள். தலையையும் வாலையும் குறிக்கும் எண்கள் 1ஏ, 1சி-யில். இன்டரப்ட்களைச் சற்று மூடிக்கொண்டு, எடையின் இலக்கங்களை ஒவ்வொன்றாக வாலில் எழுதி, கடைசியில் ஒரு என்டரையும் போட்டேன். 15 விசைகள் கொள்ளும் இடத்தில் எனக்கு வேண்டியது ஏழு. ஆல்ட்டோடு ஈ தட்டினால், கடைசி மூன்று வரிகளும் ஒரே எடையைச் சொல்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே தள்ளும். இல்லையென்றால் ஒரு பீப், மூட்டை இன்னும் ஆடுகிறது என்று அர்த்தம்.

தராசிலிருந்து அலுவலக அறைக்கு இழுத்த கம்பியை முதலில் மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். உமி நீக்கும் ஹல்லரின் மோட்டார் கிளம்பும்போதெல்லாம் எடையில் குப்பை விழுந்தது. மூன்று வரி ஒத்துப்போக வேண்டும் என்ற நிபந்தனை அதைத் தடுத்தது, ஆனாலும் மனசு ஒப்பவில்லை. ஷீல்டு கம்பி வாங்கி எதிர்ச் சுவர் வழியாக இழுத்தேன்.

தங்கியின் கணக்கு கடைசியில் இப்படி நின்றது: டாஸ் குறிப்புப் பகுதி 256, குறிமுறை 1900, வளையம் 512, திரை 4000, ஸ்டாக் 256. மொத்தம் 6924 பைட், 433 பாரா. 640 கேபியில் 7 கேபிகூட இல்லை. டிபேஸ் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

தை அறுவடை நெல் வர ஆரம்பித்ததும், மாமா அதை நிஜமாகவே ஒருநாள் ஓட்டிப் பார்க்கலாம் என்றார். கணக்கு எழுதுகிற அக்கா தினமும் கட்டளை தட்ட வேண்டாமே என்று டாஸ் கிளம்பியதும் தானாக ஓட்டும் ஆட்டோஎக்ஸெக் கோப்பில் தங்கியையும் டிபேஸையும் எழுதி வைத்தேன். சுவிட்சைப் போட்டால் நேராகக் கணக்கு வந்து நிற்கும். அக்காவும் ஆல்ட்-ஈ, ஆல்ட்-ஈ என்று முப்பத்தைந்து மூட்டை ஏற்றிவிட்டார். எடை எல்லாம் கைக்கணக்கோடு சரியாக இருந்தது. மாமா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

ஆட்டோஎக்ஸெக் கோப்பு இருந்தால் டாஸ் தேதி கேட்காது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் மறந்திருந்தேன். முப்பத்தைந்து மூட்டைக்கும் கொள்முதல் தேதி 01/01/80.

"மாப்ள," என்றார் மாமா, "இந்த நெல்லு வந்தப்ப நான் பள்ளிக்கூடம் போய்ட்டு இருந்தேன்டா."